நாணல்மங்கலம் ரோட்டுக்கு ஏற்ற டயர்

என் பெட்டியில் படுக்கப் போகிறவரே நேரில் வந்து அதை அளந்து பார்த்தது ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. ஆவணி மாதம், மத்தியான வேளை. நாகேஸ்வரன் சார் குடையைக் கதவோரம் சாய்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஃப்ரீசர் பெட்டியின் உள்நீளத்தை அளந்தார். பிறகு அகலத்தை அளந்தார்.

"ஆறடி ரெண்டு அங்குலம். நான் அஞ்சடி எட்டு. தாராளம்" என்றார்.

காபி கொண்டு வந்த என் மனைவி ரோஸ்லின் டம்ளரோடு அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

நான் ரெமிஜியஸ். மஸ்கட்டில் எட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து அம்மாபேட்டைக் கடைத்தெருவில் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். தொழிலைப் பற்றிச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளியே போய்விட்டான். அவன் வந்து முகம் பார்க்கும் வரை பெற்றவர்கள் கெடாமல் இருக்க வேண்டும். பிள்ளை சிங்கப்பூர் என்றால் என் பெட்டி ஒரு ராத்திரி ஓடும். துபாய் என்றால் ஒன்றரை நாள். அமெரிக்கா என்றால் இரண்டு நாள், டீசல் தனி. டீசல் எதற்கு என்றால், அப்போது கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. அதனால் பெட்டியையும் ஜெனரேட்டரையும் ஒரு ட்ரெய்லரில் ஏற்றி, ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பில் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போவேன்.

நாகேஸ்வரன் சார் ரிட்டயர்டு பிர்கா சர்வேயர். எழுபத்து நாலு வயது. ஊர் நாணல்மங்கலம். அங்கே அக்ரகாரத்தில் இருபத்திரண்டு வீடு, அதில் ஆள் இருப்பது அவர் வீட்டில் மட்டும். மற்றவர்கள் எல்லாம் சென்னை, பெங்களூர், அப்புறம் விமானம் போகிற இடமெல்லாம். அவருடைய ஒரே பிள்ளை ரகுராமன் நியூஜெர்சியில் இருக்கிறான்.

"பெட்டி சரியா இருக்கு. உங்க ஜீப்பில என்ன டயர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், அவர் மனைவி காமு அம்மாள் காலை ஆறு மணிக்குத் தவறிப் போனார். ஏழு மணிக்கே பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். தார் ரோட்டில் பத்தரை கிலோமீட்டர் நன்றாகத்தான் போனேன். கலந்தர் மளிகைக்கடை முனையில் திரும்பினால் வாய்க்கால் கரையோடு ஒன்றரை கிலோமீட்டர் மண் ரோடு. மதகுக்கு நேராகப் போகும்போது வண்டி உட்கார்ந்துவிட்டது. என் டயர் நேர்கோடு போட்ட ரோட்டு டயர், அதுவும் தேய்ந்தது. கோட்டுக்குள் களிமண் அப்பிக்கொண்டால் டயர் சோப்புக் கட்டியாகிவிடும். நாலு மணி நேரம் கழித்து டிராக்டர் வந்து இழுத்தது. நான் போய்ச் சேரும்போது, பெட்டி இனி வராது என்று வீட்டில் பாடை கட்டிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எடுத்து முடிந்த ராத்திரி ரகுராமன் ஃபிராங்க்ஃபர்ட்டில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தான்.

அவன் மறுநாள் வந்தான். அம்மாவின் சாம்பலைப் பார்த்தான். திரும்பிப் போகும்போது என் வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினான். என்னைத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். ஜீப் அருகே குனிந்து கட்டை விரலால் டயரைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டான். திட்டியிருந்தால் நான் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன்.

"அதே டயர்தான் சார்" என்றேன்.

"எங்க அப்பா கார்த்திகையில போனார். தாத்தா ஐப்பசி. எங்க வம்சத்தில யாரும் கோடையில செத்ததில்லை" என்றார் நாகேஸ்வரன் சார். "ரகு என் மூஞ்சியையாவது பார்க்கணும். அம்மாவைப் பார்க்கலேங்கிறது அவனுக்கு இன்னும் ஆறலை. போன்ல பேசறான். ஆனா ஊருக்கு வரேன்னு சொல்றதில்லை. அதனால டயரை மாத்துங்கோ. நானும் கூட வந்து பார்க்கிறேன்."

இப்படித்தான் நாங்கள் இருவரும் டயர் வாங்கப் போனோம்.

தஞ்சாவூரில் மூஸா பாய் கடை. அதிராம்பட்டினத்துக்காரர். சவுதியில் பதினாலு வருஷம் பாலைவனத்தில் தண்ணீர் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். அவர் காலத்துக்கு முன்னால் டயர் என்றால் ஒரே டயர்தான், கடைக்காரர் எதைத் தருகிறாரோ அதைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். இப்போது சுவர் முழுக்கத் தொங்குகிறது. எனக்குத் தலை சுற்றியது. நாகேஸ்வரன் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டா தகராறைத் தீர்க்க வந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வேலை ஆகணும். தார் ரோட்டில அறுநூறு கிலோ இழுக்கணும். அப்புறம் சேத்தில போகணும்" என்றார்.

"என்ன சாமான் சார் இழுக்குறது?" என்று மூஸா பாய் கேட்டார்.

"போகும்போது வெறும் பெட்டி. வேலை வந்தா உள்ளே நான்."

மூஸா பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் மூஸா பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. அகலமான ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். "இதான் சார். நா பதினாலு வருஷம் மணல்ல ஓட்டுனவன். அகலமா போடணும், காத்தைப் பாதிக்குப் பாதி இறக்கணும். ஒட்டகம் காலு மாதிரி மேலாப்புல மிதந்து போயிரும்."

"எங்க ஊர்ல ஒட்டகம் இல்லை பாய். எருமை" என்றார் சார். "எருமை சேத்தில மிதக்கிறதில்லை. கால் உள்ளே இறங்கி, கெட்டித் தரையைத் தொட்டுண்டு போறது. அந்த ரோட்டுக்கு அடியில அறுபத்திரண்டுல செங்கல் ஜல்லி போட்டா. நான்தான் அளந்து எழுதினேன். முக்கால் அடிச் சேத்துக்குக் கீழே அது இன்னும் இருக்கு. டயர் அதைத் தொடணும். அகலம் வேண்டாம், குறுகலா குடுங்கோ."

மூஸா பாய் யோசித்தார். பதினாலு வருஷப் பாலைவனம் ஒரு எருமையால் அடிபட்டதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் நியாயமான மனுஷன். அகலத்தை உள்ளே உருட்டிவிட்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்த குறுகல் டயர் ஒன்றைக் கொண்டு வந்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது. நான் இதையே போடலாம் என்றேன்.

"சேத்துக்கு ராசா. ஆனா தார் ரோட்டுல ஊளையிடும்" என்றார் மூஸா பாய். "அதுகூடப் பரவால்ல. மழையில பின்னாடி பாரத்தோட பிரேக் அடிச்சீங்கன்னா, பல்லு மட்டும்தான் ரோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கும். ட்ரெய்லர் பின்னாலேர்ந்து தள்ளும். ஜீப்பு சொன்ன பேச்சைக் கேக்காது."

"அப்போ ரெண்டுக்கும் ஆகிறது எது?"

மூஸா பாய் தயங்கி, மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டினார். நடுவில் விடாமல் ஒரு பட்டை ஓடியது, ஓரங்களில் பல். பற்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. "இது ரெண்டுங்கெட்டான் சார். ரோட்டு டயர் மாதிரி ரோட்டுல ஓடாது, சேத்து டயர் மாதிரி சேத்துல ஓடாது. யாரும் கேக்கிறதில்ல. பக்கச் சுவரு மட்டும் நல்ல கெட்டி, எட்டு அடுக்குப் பிளை. பாரம் தாங்கும்."

சார் எழுந்து போய்ப் பற்களுக்கு நடுவே டேப்பை வைத்து அளந்தார். பல்லின் உயரத்தை அளந்தார். "களிமண் இதில ஒட்டினாலும் சுத்தும்போது தெறிச்சுடும். நடுப்பட்டை தார் ரோட்டைப் பிடிச்சுக்கும். இதுதான்" என்றார். "ஆறு குடுங்கோ. ஸ்டெப்னி ஒண்ணு."

"ஜீப்புக்கு நாலுதானே சார்" என்றேன்.

"ட்ரெய்லருக்கு ரெண்டு."

"அது சும்மா பின்னால வர்றதுதானே. பழசே போதும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெமிஜியஸ், காமுவை அன்னிக்கு நிறுத்தினது ஜீப்பா, ட்ரெய்லரா?"

மதகு அருகே முதலில் வழுக்கியது ட்ரெய்லரின் இடது சக்கரம். அது வாய்க்கால் பக்கம் சரிந்துதான் ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரோஸ்லினிடம்கூடச் சொன்னதில்லை.

"மறுநாள் தடத்தை அளந்தேன். மொட்டை டயர் தடம் தனியாத் தெரியுமே" என்றார். குரலில் கோபம் இல்லை. எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் ஏழு டயர் வாங்கினேன்.

டயர் வாங்கினால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். காய்ந்த ரோட்டில் ஓட்டினால் கணக்கில்லை. ஐப்பசியில் ஐந்து நாள் தொடர்ந்து மழை பெய்த பிறகு, பெட்டி, ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றி, உண்மையான பாரத்தோடு வர வேண்டும். அவர் வீட்டிலேயே கடிகாரத்தோடு நிற்பார். நான் கலந்தர் கடை முனையிலிருந்து அவர் வாசல் வரை எத்தனை நிமிஷத்தில் வருகிறேன் என்று பார்ப்பார்.

அந்த வருஷ ஐப்பசி எங்களை ஏமாற்றவில்லை. ஆறாவது நாள் செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினேன். தார் ரோட்டில் புது டயர் லேசாக முனகியது, அவ்வளவுதான். பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் மரியாதையாக நின்றது. கலந்தர் கடை முனையில் ஜீப்பை நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு டயரிலும் எட்டு எண்ணும் வரை காற்றை இறக்கினேன். பாதிக்குப் பாதி இல்லை, கொஞ்சம்தான். அது மூஸா பாய்க்காக நாங்கள் விட்டுக்கொடுத்தது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டி வண்டி போனால் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். யார், எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்பது அபசகுனம். சாவு வீட்டுக்குப் போன் போட்டு "நெஜமா?" என்று விசாரிப்பது அதைவிடக் கேவலம். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து அவரவரே தெரிந்துகொள்வார்கள். கலந்தர் என் பெட்டியைப் பார்த்தால் கடை ஷட்டரைப் பாதி இறக்குவார். ஜாதி மதம் பார்க்காமல் எல்லாப் பெட்டிக்கும் இறக்குவார். அன்றைக்கும் இறக்கினார். மழையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, அக்ரகாரத்துப் பக்கம் மோவாயை உயர்த்தினார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சார் வீட்டுக்குத்தானே போகிறேன்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆனால் அப்போது என் புத்தியெல்லாம் மதகில் இருந்தது. நாலு சக்கரத்துக்கும் கியர் போட்டு, முதல் கியரில், நிறுத்தாமல், அவசரப்படாமல் போனேன். சேறு தெறித்துக் கண்ணாடி முழுக்க அப்பியது. மதகு வந்தபோது வாய் தன்னால் மாதாவே மாதாவே என்றது. டயர் உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே போய் எதையோ தொட்டது. செங்கல் ஜல்லி. தொட்டதும் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன், ட்ரெய்லர் நேராக வந்துகொண்டிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சாவுப் பெட்டியை இழுத்துக்கொண்டு அப்படிச் சிரித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நாகேஸ்வரன் சார் வாசல் படியில் கடிகாரத்தோடு நின்றார். முனையில் கிளம்பிய நேரத்தைச் சொன்னேன். "பதினோரு நிமிஷம்" என்றார். "அன்னிக்கு நாலு மணி நேரம்."

ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். பெட்டி குளிர்ந்ததும் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "இவ்வளவு ஜில்லுனு இருக்கணுமா?"

"சாமான் கெடாம இருக்கணுமுல்ல சார்."

"நான் சாமானா?"

அவருக்குச் சமைத்துப் போடும் அகிலாண்டம் உள்ளேயிருந்து வந்து, "நல்லா இருக்கிற மனுஷன் வாசல்ல இதைக் கொண்டாந்து வெச்சுக்கிட்டு என்னங்க வெளையாட்டு? எடுத்துட்டுப் போங்க" என்று என்னைத்தான் திட்டினாள். அவரைத் திட்ட முடியாதே. மழையில் டெலிபோன் லைன் செத்து நாலு நாளாகிறது, அதைச் சரிபண்ண ஆள் இல்லை, பெட்டிக்கு மட்டும் ஆள் வருகிறது என்றும் சொன்னாள். செல்போன் வைத்துக்கொள்வதில்லை என்பது சாருடைய கொள்கை.

திரும்பி வரும்போது கலந்தர் கடைக்கு வெளியே ஓடி வந்தார்.

"என்னங்க, பெட்டி திரும்பி வருது?"

"டயர் எப்படிப் போகுதுன்னு ஓட்டிப் பாத்தோம் பாய். ஜம்முனு போச்சு."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே கடைக்குள் போய் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டார். பிரஷர் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ரெமிஜியஸா? நான் ரகுராமன்."

"எந்த ரகுராமன்?"

"நாணல்மங்கலம். நாகேஸ்வரன் பையன். கார் சேத்தில மாட்டிண்டிருக்கு. மதகுக்குக் கொஞ்சம் முன்னாடி. டிரைவர் போன்லேர்ந்து பேசறேன்." மூச்சு வாங்கியது. "அப்பாவை எடுத்துட்டாளா? பெட்டியில இருக்காரா?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. ஷட்டர், மோவாய், என் தலையாட்டல்.

"சார், பெட்டி என் வீட்டுல இருக்கு. உங்க அப்பா உசுரோட இருக்காரு. காலையிலதான் என்னைப் பாக்க வந்து, ட்ரெய்லர் டயர்ல காத்து ஜாஸ்தின்னு திட்டிட்டுப் போனாரு."

மழைச் சத்தத்துக்கு நடுவே, "அப்போ பெட்டி எதுக்குப் போச்சு?" என்றான்.

"டயர் டெஸ்ட்டுக்குங்க."

போன் கட்டாகவில்லை. அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ட்ரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜீப்பை எடுத்தேன். இரும்புச் சங்கிலியை மட்டும் பின்னால் போட்டுக்கொண்டேன்.

கலந்தர் கடை மூடியிருந்தது. பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. காமு அம்மாள் காரியம் முடிந்து போகும்போது ரகுராமன் தன் நம்பரைக் கலந்தரிடம் கொடுத்து, அப்பாவுக்கு ஏதாவது என்றால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கலந்தர் சொன்ன சொல் தவறாதவர். செவ்வாய்க்கிழமை என் தலை ஆடி ஐந்து நிமிஷத்துக்குள் அமெரிக்காவுக்குப் போன் போட்டுவிட்டார். என் நம்பரையும் கொடுத்திருக்கிறார். நான் பெட்டியோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் மறுபடி மறுபடி போட்டிருக்கிறார். ஸ்விட்ச் ஆஃப். அதற்குள் அவன் விமானத்தில் ஏறிவிட்டான். போன தடவை வீட்டுக்குப் போன் போட்டு, விவரம் கேட்டு, ஆபீஸில் சொல்லிவிட்டுக் கிளம்பியதில் ஆறு மணி நேரம் போய்விட்டதாம். இந்தத் தடவை அவன் யாரையும் எதையும் கேட்கவில்லை. போட்டிருந்த சட்டையோடு கிளம்பிவிட்டான். உயிரோடு இருக்கிறவருக்குச் சாவு சொல்லிவிட்டோமே என்ற பயத்தில் கலந்தர் போனை அணைத்துவிட்டு, கடையைச் சாத்திவிட்டு, வீட்டில் ஜுரம் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

கார் பாதி சக்கரம் வரை இறங்கியிருந்தது. ரகுராமன் முழங்கால் சேற்றில் நின்றான். மூன்று வருஷத்தில் தலை நரைத்திருந்தது. நான் சங்கிலியை மாட்டி, ரிவர்ஸ் கியரில் மெல்ல இழுத்தேன். டயர் உள்ளே இறங்கி, கெட்டியைத் தொட்டு, நின்று, பிடித்தது. கார் ஒரு பெருமூச்சு விட்டு வெளியே வந்தது. அப்படியே தார் ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். அறுநூறு கிலோவுக்கு என்று வாங்கிய டயர் அதற்கு இரண்டு பங்கு எடையை இழுத்தது.

"ஏறுங்க சார்" என்றேன்.

அவன் ஏறவில்லை. குனிந்து கட்டை விரலை டயர்ப் பற்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தான். விரல் உள்ளே போனது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஏறிக்கொண்டான்.

போகும்போது கேட்டேன். "மெட்ராஸ்ல எறங்குனதுமே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே சார். இவ்வளவு நேரம் தவிச்சிருக்க வேணாமே."

"பயமா இருந்தது. எடுத்தாச்சுன்னு சொல்லிடுவேளோன்னு" என்றான்.

மதகு தாண்டும் வரை நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

நாகேஸ்வரன் சார் கூடத்தில் உட்கார்ந்து முந்தாநாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் சேறும் ஈரமுமாகப் பிள்ளை நிற்பதைப் பார்த்தார். பேப்பரை மடித்தார்.

"லீவா?"

"நீ செத்துப் போயிட்டேன்னாப்பா!" என்று கத்தினான் ரகுராமன். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை. "பெட்டி வந்துதுன்னா! இருபத்தாறு மணி நேரம் உன்னைப் பிணமா நெனச்சுண்டு உட்காந்து வந்தேன்! டயராம் டயர்! உனக்குப் புத்தி இருக்கா?"

அகிலாண்டம் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சார் எழுந்து போய்ப் பிள்ளையின் தலையைத் துண்டால் துவட்டினார். அவன் திட்டிக்கொண்டேயிருந்தான், அவர் துவட்டிக்கொண்டேயிருந்தார். அப்புறம் அவன் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அம்மா, அம்மா என்றான். அப்பாவைக் கட்டிக்கொண்டு அம்மா என்று அழுதான். நான் வெளியே வந்து டயரிலிருந்த களிமண்ணைக் குச்சியால் நோண்டினேன். அந்த டயரில் களிமண் அவ்வளவாக நிற்காது. இருந்தாலும் நோண்டினேன்.

அவன் ஆறு நாள் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெமிஜியஸ், பெட்டி வேண்டாம்" என்றார். பிள்ளையும் பக்கத்தில் இருந்தான். "நான் போனா அன்னிக்கே எடுத்துடலாம். கும்பகோணத்துப் பங்காளிட்ட சொல்லியாச்சு, அவன் கொள்ளி வெப்பான். ரகு பத்தாம் நாளுக்கு வந்தாப் போதும்."

"அப்பா, நான் வருவேன்" என்றான் அவன்.

"ஒரு சாவுக்கு எத்தனை தடவைடா அலறி அடிச்சுண்டு ஓடி வருவே? வந்துட்டே. பார்த்துட்டே. சாப்பிட்டுண்டு, திட்டு வாங்கிண்டு இருக்கிற மூஞ்சியைப் பார்த்தாச்சு. பெட்டிக் கண்ணாடி வழியா வேற எதுக்கு?"

ரகுராமன் எதிர்த்துப் பேசவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. ஏழு டயர் வாங்கியிருக்கிறேன்.

நாகேஸ்வரன் சார் அதற்கடுத்த பங்குனியில் காலமானார். வம்சத்தில் யாரும் கோடையில் செத்ததில்லை என்று சொன்னவர். அகிலாண்டம் போன் பண்ணி, "பெட்டி வேணாமாம். நீங்க மட்டும் வாங்க" என்றாள். ட்ரெய்லர் இல்லாமல் போனேன். கலந்தர் பெட்டி இல்லாத வண்டிக்கும் ஷட்டரை இறக்கினார். இந்தத் தடவை கிட்டே வந்து, என் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ரோடு காய்ந்து புழுதி பறந்தது. மதகில் ஒரு கிழவர் சைக்கிளில் எதிரே வந்தார். அதன் டயர் மொட்டை.

எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது. ரகுராமன்.

"ரோடு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"காஞ்சு கெடக்குங்க."

"அப்போ பெட்டி வந்திருக்கும்."

"பத்து நிமிஷத்துல வந்திருக்கும் சார்."

உள்ளே பங்காளியைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"டயர் எப்படி இருக்கு?" என்றான்.

"அப்படியேதான் சார் இருக்கு. இன்னும் தேயலை" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாசலில் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் அந்தப் பக்கம் அழுதான். எடுக்கும் வரை இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.